நாலு கஜ தூரத்தில் வாட்சன்

வணக்கம்.

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன். இப்போது ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், முந்நூறு பக்கம் தாண்டிவிட்டது. துப்பறிபவர் ராஜசேகர், ஓய்வுபெற்ற தடய அறிவியல் பேராசிரியர். மேதை, யாரோடும் ஒட்டாதவர். கதையை அவரே சொல்கிறார். கூட இருப்பவர் மணி, முன்னாள் மின்வாரிய லைன்மேன். ஹோம்ஸ்–வாட்சன் ஜோடியை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். வாட்சனைப் போலவே மணியையும் சற்று மந்தமானவராக, நகைச்சுவைக்காக வைத்திருக்கிறேன். சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளில் வரும் வசந்தும் அதற்குத்தானே? ஆனால் நண்பர்கள் மணியை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

என் கேள்வி இதுதான்: ராஜசேகரை எவ்வளவு தூரம் ஒட்டாதவராக வைக்கலாம்? வாசகர் வெறுத்துவிடக் கூடாதே என்று மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோன மனைவியின் படத்தின் முன் அவரை அழவைத்திருக்கிறேன். ஹோம்ஸின் பைப், வயலின்போல அவருக்கும் ஒரு விநோதப் பழக்கம் தேவையா? பிரதியை அனுப்பினால் வாசித்துப் பார்ப்பீர்களா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பழக்கம் தேவையில்லை. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. வசந்த் ஜோக் அடிப்பவன், ஜோக்குக்கு ஆளாகிறவன் இல்லை. நீதிமன்ற வேலையிலும் ஓட்ட வேலையிலும் அவனுக்குப் பங்கு உண்டு. அதுவும் முடிந்தது.

என்னைப் பதில் எழுத வைத்தது ‘வாட்சனைப் போலவே மந்தமானவர்’ என்ற வரி. ‘தி டையிங் டிடெக்டிவ்’ என்ற ஹோம்ஸ் கதையை மறுபடி வாசித்துவிட்டு இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலை வாசித்துவிட்டுத்தான் இப்படி எழுதுகிறீர்களா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மந்த வாட்சன் சினிமாவில் பரவியவர். 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 14 படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனாக வந்து முணுமுணுத்து, தடுமாறி, திருதிருவென்று விழித்தார். மக்கள் ரசித்தார்கள். அதற்கும் முன்பே, 1929-ல், ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, துப்பறிபவரின் முட்டாள் நண்பனுடைய அறிவு சராசரி வாசகனைவிட மிகக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒன்பதாவதாக எழுதிவைத்தார். அதே கட்டளையின் முன்பாதி நல்லது. அந்த நண்பன் தன் மனதில் ஓடும் எதையும் வாசகனிடம் மறைக்கக் கூடாது என்கிறது. எல்லாரும் பின்பாதியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இனி அந்தக் கதை. 1913-ல் லண்டனின் ஸ்ட்ராண்ட் இதழில் வந்தது. முடிவையும் சொல்லப்போகிறேன், வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வரலாம்.

ஹோம்ஸ் மூன்று நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் சாகக் கிடக்கிறார் என்று அவருடைய வீட்டுக்காரம்மா திருமதி ஹட்சன் வாட்சனிடம் ஓடி வந்து சொல்கிறார். நவம்பர் மாதம், மூடுபனி, மங்கிய அறை. வாட்சன் பதறிக்கொண்டு உள்ளே நுழைந்ததும், கிட்டே வராதே என்று ஹோம்ஸ் கத்துகிறார். சுமத்ராவிலிருந்து வந்த தொற்று, தொட்டால் ஒட்டும் என்கிறார். நீ சாதாரண டாக்டர், அனுபவம் குறைவு, படிப்பும் சுமார் என்று புண்படும்படி பேசுகிறார். வாட்சனுக்குக் காயம்தான். ஆனாலும் நல்ல மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்யப் பார்க்கிறார். வெப்பமண்டல நோய்களில் நிபுணரான ஐன்ஸ்ட்ரீ லண்டனில்தான் இருக்கிறார், இதோ அழைத்து வருகிறேன் என்று கதவை நோக்கி நடக்கிறார். சாகக் கிடந்தவர் புலிபோலப் பாய்ந்து கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறார். அப்போது மணி நான்கு. ஆறு மணிக்குத்தான் வாட்சன் வெளியே போகலாம், அதுவும் ஹோம்ஸ் சொல்லும் ஆளிடம்.

ஏன் இத்தனை கெடுபிடி? நோயே இல்லை. நெற்றியில் வாஸலின், கண்ணில் பெல்லடோனா, கன்னமேட்டில் ரூஜ், உதட்டோரம் தேன்மெழுகுப் பொருக்கு. பெல்லடோனா கண்மணியை விரிய வைக்கும், காய்ச்சல்காரனின் பளபளப்பு வந்துவிடும். பட்டினி மட்டும் நிஜம். பார்வைக்குப் போதும். ஆனால் கையைப் பிடித்து நாடி பார்த்தால், தெர்மாமீட்டர் வைத்தால், அரை நிமிடத்தில் வேஷம் கலையும். கடைசியில் ஹோம்ஸே சொல்கிறார்: உன் மருத்துவத் திறமையில் எனக்கு மதிப்பில்லை என்றா நினைத்தாய், நாடித்துடிப்பும் வெப்பமும் ஏறாத ஒருவனைச் சாகக் கிடப்பவன் என்று நீ நம்புவாயா, நாலு கஜ தூரத்தில் இருந்தால்தான் உன்னை ஏமாற்ற முடியும் என்று.

இந்த நாலு கஜத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வாட்சன் மந்தமானவராக இருந்தால் கதவைப் பூட்ட வேண்டியதில்லை. வசை தேவையில்லை. இரண்டு மணி நேரக் காத்திருப்பு தேவையில்லை. கதையின் முதல் பாதி முழுக்க அவருடைய தொழில் திறமைக்கு எதிராகக் கட்டிய வேலி. கூட்டாளி திறமைசாலி என்பதால் கதையில் சிக்கல் உண்டாகிறது. பாத்திரப் படைப்பு, மனித உறவு என்று நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் சரி, அடியில் இருப்பது இந்த இயந்திரம்தான்.

இன்னும் இருக்கிறது. போவதற்கு முன் வாட்சனை கேஸ் விளக்கை ஏற்றச் சொல்கிறார் ஹோம்ஸ், ஆனால் பாதிக்கு மேல் திறக்கக் கூடாது. சர்க்கரை இடுக்கியால் ஒரு தந்தப் பெட்டியை எடுத்து மேஜையில் வைக்கச் சொல்கிறார். வாசகனுக்கு இது ஜன்னி பிடித்தவனின் பிதற்றல். வாட்சனும் அப்படியே நினைத்து, அப்படியே நமக்குச் சொல்கிறார். பாதி வெளிச்சம் மேக்கப்பைக் காப்பாற்றுகிறது. பிறகு, ஹோம்ஸைக் கொல்ல அந்தப் பெட்டியை அனுப்பிய கொலைகாரன் கல்வர்டன் ஸ்மித் வந்து, செத்துக்கொண்டிருப்பவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, கேட்டபடி விளக்கைக் கூட்டிவிடுகிறான். தெருவில் நிற்கும் இன்ஸ்பெக்டர் மார்ட்டனுக்கு அதுதான் சைகை. ஒரே குழாய்த் திருகு, இரண்டு வேலை.

பிடிபட்ட ஸ்மித், உன் பேச்சுக்கு எதிராக என் பேச்சு, அவ்வளவுதானே என்கிறான். அப்போதுதான் கட்டில் தலைமாட்டின் பின்னால் ஒளிந்திருந்த வாட்சன் ஹோம்ஸுக்கு ‘ஞாபகம்’ வருகிறார். சாட்சி. ஸ்மித்தை அழைத்து வரப் போனவரும் அவர்தான். அவருக்கு உண்மை தெரிந்திருந்தால் அந்தக் கண்ணீர்க் குரல் வந்திருக்காது, ஸ்மித்தும் நம்பியிருக்க மாட்டான். நடிக்கத் தெரியாதவர் என்பதும் அவருடைய தகுதிகளில் ஒன்றாகிவிடுகிறது. மருத்துவர், தூதர், சாட்சி, கதைசொல்லி என்று ஒரே மனிதருக்கு நாலு வேலை. உங்கள் மணிக்குக் கதையில் என்ன வேலை? அத்தியாயத்துக்கு ஒரு முறை தடுக்கி விழுகிறாரா? அப்படியென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி, எடுத்துவிடுங்கள்.

ஆனால் எடுக்காதீர்கள். லைன்மேனைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கோமாளியாக்குவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. உங்கள் பேராசிரியருக்குத் தெரியாத எவ்வளவு விஷயம் அந்த ஆளுக்குத் தெரியும்! ஒரு உதாரணம் தருகிறேன். ராத்திரி ஷார்ட் சர்க்யூட் ஆகி வீடே இருண்டது, அந்த நேரத்தில் கொலை நடந்தது என்று வீட்டார் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி பழக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் கேரியரை உருவிப் பார்ப்பார். ஷார்ட் சர்க்யூட்டில் போயிருந்தால் கம்பி சிதறிப் பீங்கானில் கரி அப்பியிருக்கும். லோடு தாங்காமல் போயிருந்தால் கரி இருக்காது, கம்பி நடுவில் உருகி நுனி உருண்டிருக்கும். நுனி நசுங்கிச் சப்பையாக இருந்தால் அது கட்டிங் பிளையர் வேலை. சப்பையான நுனியை அவர் பார்க்கிறார். பார்த்துவிட்டு, “எவனோ அரைகுறை எலக்ட்ரீஷியன் கம்பி மாத்த வந்து பாதியில போட்டுட்டுப் போயிருக்கான் சார்” என்கிறார். அதோடு அரைகுறை எலக்ட்ரீஷியன்களைப் பற்றி ஒரு பத்தி புலம்புகிறார்.

அவர் கண்டதில் பிழையில்லை. கொடுத்த விளக்கமும் நியாயமானது, வாசகனும் அதை ஏற்றுக்கொண்டு பக்கத்தைத் திருப்புவான். அதற்குக் கொடுத்த எடை மட்டும்தான் தவறு. டாயில் இதை 1892-ல் ‘சில்வர் பிளேஸ்’ கதையில் செய்து காட்டிவிட்டார். செத்துக் கிடந்த குதிரைப் பயிற்சியாளன் கையில் ஒரு சின்னக் கத்தி. இது கண்புரை அறுக்கும் கத்தி என்று அடையாளம் சொல்பவர் வாட்சன். அவ்வளவு மென்மையான கத்தியை நள்ளிரவில் சதுப்பு மேட்டுக்கு ஒருவன் ஏன் கொண்டுபோகிறான் என்று கேட்பவர் ஹோம்ஸ். அதே கதையில், வந்தவன் தெரிந்தவன் என்பதைக் குரைக்காமலே காட்டிக்கொடுத்த, எல்லாரும் மேற்கோள் காட்டும் நாய் கடைசியில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ரயிலில் ஹோம்ஸ் முன்கதை சொல்லும்போதே, அந்நியனைக் கண்ட லாயப் பையன் நாயை அவிழ்த்துவிட ஓடுகிறான் என்று போகிறபோக்கில் வருகிறது. நாய் இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும். மறந்துவிடுகிறோம்.

செய்முறை கேட்பீர்கள். முதலில் ராஜசேகரும் மணியும் இல்லாத கதையை எழுதுங்கள்: கொலை எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு யார் எங்கே, நாலைந்து பக்கம். பிறகு ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் மணி கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் அதிலிருந்து ராஜசேகர் எடுத்துக்கொண்டது. இடப்பக்கத்தில் இல்லாத எதுவும் வலப்பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் அது ஏமாற்று. ‘ராஜசேகர் குனிந்து எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்’ என்ற வகை வாக்கியத்தை வெட்டுங்கள். டாயிலும் இதைச் செய்திருக்கிறார். ஹோம்ஸ் எங்கோ தந்தி அடிப்பார், பதிலில் என்ன இருந்தது என்று கடைசிப் பக்கத்தில்தான் நமக்குத் தெரியும். அந்தக் கதைகள் அந்த இடத்தில் நொண்டுகின்றன. முக்கியமான தடயத்தைக் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துவிடுங்கள். அதற்கு அடுத்த பத்தியில் வேறு ஏதாவது சத்தமாக நடக்கட்டும்.

இதையெல்லாம் செய்ய, கதையை ராஜசேகர் சொல்லக் கூடாது. உங்கள் முந்நூறு பக்கத்தின் நோய் அதுதான், கடிதத்தில் அரை வரியில் தாண்டிப்போய்விட்டீர்கள். துப்பறிபவன் ‘நான்’ என்று பேச ஆரம்பித்தால், தெரிந்ததை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியாமலே இருக்க வேண்டும். மறைத்தால் வாசகனுக்குக் கோபம், தெரியாவிட்டால் அவன் மேதை இல்லை. டாயிலின் 60 ஹோம்ஸ் கதைகளில் 4 தவிர மற்றதெல்லாம் வாட்சன் சொல்பவை. அந்த நான்கில் இரண்டை, 1926-ல், ஹோம்ஸே சொல்கிறார். ‘தி லயன்ஸ் மேன்’ கதையில் கொலையாளி ஒரு ஜெல்லி மீன். அதைப் பற்றி ஹோம்ஸ் முன்பே ஒரு புத்தகத்தில் வாசித்திருக்கிறார், ஆனால் கடைசி வரை அது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் டாயில் ஹோம்ஸுக்கு மறதியை வரவழைக்க வேண்டியிருந்தது! இன்னொன்று ‘தி பிளான்ச்டு சோல்ஜர்’. அதில் ஹோம்ஸ் வாய்விட்டே புலம்புகிறார். இந்த இடத்தில்தான் வாட்சன் இல்லாதது தெரிகிறது, அவன் சாமர்த்தியமான கேள்விகளும் வியப்பொலிகளும் போட்டு என் எளிய கலையை அற்புதமாக்கிவிடுவான் என்கிறார். சாமர்த்தியமான கேள்விகள். ஹோம்ஸே கொடுத்த சான்றிதழ்.

மணி சொல்லட்டும். அவர் மொழியில், அவருடைய எரிச்சலோடு. ராஜசேகர் எவ்வளவு ஒட்டாதவர் என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே வந்துவிடும், ஏனென்றால் ஒட்டாதவர் என்று முடிவு செய்வது மணி. அவர் பொறுத்துக்கொள்ளும் வரை வாசகனும் பொறுத்துக்கொள்வான். மூன்றாம் அத்தியாய அழுகையை வெட்டுங்கள், இரக்கமே வேண்டாம். ‘தி த்ரீ கேரிடெப்ஸ்’ கதையில் வாட்சன் தொடையில் குண்டடி படுகிறது, மேலோட்டமான காயம். ஹோம்ஸின் கண் மங்குகிறது, உதடு நடுங்குகிறது. அந்தக் குளிர்ந்த முகமூடிக்குப் பின்னால் இவ்வளவு பாசமா, இதைத் தெரிந்துகொள்ள எத்தனை காயமும் படலாம் என்று வாட்சன் எழுதுகிறார். கதை நடப்பது 1902-ல். இருவரும் ஒரே வீட்டில் குடியேறி அப்போது இருபது வருடம் ஆகியிருக்கிறது. நீங்கள் மூன்று அத்தியாயம்கூடப் பொறுக்கவில்லை.

முழுப் பிரதியை இப்போது அனுப்ப வேண்டாம். இருவரும் கொலை நடந்த வீட்டுக்குள் முதல்முறை நுழையும் அத்தியாயத்தை மட்டும் மணியின் வாயால் திரும்ப எழுதி, பத்துப் பக்கத்துக்குள் அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். நோட்டுப் பக்கங்களை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டால் திறக்க மாட்டேன்.

அன்புடன்.