லைசென்ஸ் வேண்டாத ஸ்கூட்டரா, சைக்கிளா?

கேள்வி: கும்பகோணத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 46. பள்ளிக்கு 6 கிலோமீட்டர். தினமும் காரில் போவதில் பெட்ரோல் செலவு தாங்கவில்லை. காரை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க நினைக்கிறேன். 'லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம்' என்று கடைக்காரர் ஒரு வண்டியைக் காட்டுகிறார். மகனோ சைக்கிளே போதும் என்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். நிதானமாக மிதித்தாலே அரை மணி நேரத்தில் பள்ளிக்குப் போய்விடலாம். உங்கள் பக்கம் மேடும் கிடையாது. காருக்குத்தான் இது ஆகாத தூரம். எஞ்சின் சூடேறிச் சீராக ஓடத் தொடங்குவதற்குள் பள்ளி வந்துவிடும்; மைலேஜ் எப்படிக் கிடைக்கும்? முழங்கால் வலியோ, வியர்வையோடு வகுப்புக்குப் போகத் தயக்கமோ இருந்தால், மிதிக்கும்போது மோட்டாரும் கைகொடுக்கும் இ-சைக்கிள் வாங்குங்கள்.

அந்தக் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். விபத்தில் சிக்கிய வண்டிகளை மதிப்பிடும் சர்வேயர் நான். 'ஆர்.சி. வேண்டாம்' என்ற ஒரு சொல்லை நம்பி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகமும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது, இரண்டும் வேண்டும். அதை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் சோதித்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது.

கடையில் நடப்பது வேறு. ஸ்டிக்கரில் 250 வாட் என்று இருக்கும், உள்ளே அதைவிடப் பெரிய மோட்டார் இருக்கும். அல்லது வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரை வெட்டிவிட்டு, 'நாற்பதில் போகும்மா' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த நிமிடமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். அப்படி ஒரு வண்டி நடந்துபோன பெரியவர் மீது மோதி, அவருடைய மருத்துவச் செலவுக்கு வண்டிக்காரர் வீட்டு நகைகள் போனதை நேரில் பார்த்தேன். விற்ற கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டர்தான் வேண்டும் என்றால், பச்சை நம்பர் பிளேட்டுடன் பதிவு செய்து தரும் வண்டியை வாங்குங்கள். கார் லைசென்ஸ் மட்டும் இருந்தால் அதை ஓட்ட முடியாது. கியர் இல்லாத இருசக்கர வண்டிக்குத் தனியாக லைசென்ஸ் எடுக்க வேண்டும். பதிவில்லாத வண்டிதான் என்று முடிவெடுத்தால், பில்லில் மோட்டார் வாட்டையும் அதிகபட்ச வேகத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், சோதனைச் சான்றின் நகலையும் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சைக்கிளா, மோட்டாரா என்ற இந்தக் குழப்பத்தில் அரசுக்கும் பங்கு உண்டு. பல லட்ச ரூபாய் எலெக்ட்ரிக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீத ஜி.எஸ்.டி. ஆனால் சாதாரணச் சைக்கிளுக்கு 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம்! பள்ளிக்கூடத்தில் இலவசச் சைக்கிள் கொடுக்கிறோம், அதை ஓட்டிப்போகச் சாலையோரத்தில் மூன்றடி இடம் விடுவதில்லை. பஸ் வரும் பிரதான சாலையைத் தவிர்த்து, உட்தெரு வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனோடு ஓட்டிப் பாருங்கள்.

காரைப் புரோக்கரிடம் கொடுத்தால், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். காரை வாங்குபவர் பெயருக்கு ஆர்.சி. மாறும்வரை, அந்தக் கார் எங்கே மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.