காட்பாடியிலிருந்து கடலுக்கு: பாய்ப்படகு கேள்வி – பதில்

முப்பத்தோரு ஆண்டுகள் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு காட்பாடியில். 1983-இல் கட்டிய 22 அடி நீளக் கண்ணாடியிழைப் படகு சென்னையில் நிற்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை அதிகாலை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கடலே இல்லாத ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வந்திருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

கேள்வி: குடியாத்தத்தில் நூல் வியாபாரம் செய்கிறேன். 24 அடிப் பழைய பாய்ப்படகு ஒன்று மூன்று லட்சம் ரூபாய்க்கு வருகிறது. புதிதாக வண்ணம் பூசிப் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா, ஐயா?

வண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தம்பி. பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். அதன் பிடியால் மேல்தளம் முழுவதையும் சாண் சாணாகத் தட்டிப் பாருங்கள். பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அந்தக் காது வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. தொப்பென்று அமுங்கிக் கேட்டால், இரண்டு கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே இருக்கும் பால்சா மரம் நீரில் ஊறி அழுகிவிட்டது என்று பொருள். பாய்மரத்தின் அடி, கைப்பிடிக் கம்பிகளின் கால்கள், திருகாணி இறங்கிய ஒவ்வொரு துளை ஆகிய இடங்களில்தான் நீர் முதலில் இறங்கும். உள்ளங்கை அகலம் அழுகியிருந்தால் சரிசெய்துகொள்ளலாம். தளத்தில் பாதி அப்படியென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

படகைக் கரையில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பகுதியில் வேர்க்குரு போல் குமிழ்கள் இருக்கலாம். ஒன்றைக் குத்தினால் புளித்த காடி வாசனையுடன் நீர் வரும். பாலியெஸ்டர் பிசினுக்குள் பல ஆண்டுகளாகக் கசிந்த நீர் அது. பத்துப் பதினைந்து குமிழ்களுக்காக நல்ல படகை விட்டுவிட வேண்டாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகளில்தான் என் பயமெல்லாம். அவை வெண்கலமாக இருக்க வேண்டும். பித்தளையாக இருக்கக் கூடாது. உப்புநீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்து எடுத்துவிடும். உருவம் அப்படியே இருக்கும், உள்ளே வலு இருக்காது. கத்தியால் சுரண்டும்போது மஞ்சளாக மின்னாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வு முடிந்துவிட்டது. என் படகை வாங்கிய இரண்டாம் மாதம், வெண்கலம் என்று சொல்லி எனக்கு விற்ற வால்வு ஒன்று திருப்பும்போது கழுத்தோடு கையில் வந்துவிட்டது. கட்டைவிரல் பருமனில் கடல் உள்ளே பீய்ச்சியடித்தது. பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த கூம்பு மரக்கட்டையை அடித்து இறுக்கியதால் படகு பிழைத்தது. ஒவ்வொரு வால்வுக்கும் அப்படி ஒரு கட்டை வேண்டும். எட்டி எடுக்கும் தூரத்தில் வேண்டும்.

கடைசியாக, பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள். அவற்றின் வயது விற்பவருக்கே தெரியாது என்றால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கம்பி அதன் முனையிலுள்ள உலோகப் பொருத்துக்குள் நுழையும் இடத்தைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு சிக்கினால் ஓர் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை அறுந்த கம்பியோடு கடலுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருக்கிறேன். என் மாமாவின் படகுப் பாயில் இரண்டு முழம் தையல் பிரிந்துவிட்டது. தோல் தைக்கும் இயந்திரத்தில் தைக்கலாமா?

தைக்கலாம் அம்மா, ஊசியை மட்டும் மாற்றிவிட்டு. தோல் ஊசியின் முனை கத்தி போன்றது, அறுத்துக்கொண்டு இறங்கும். பாய்த்துணி நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர். அந்த ஊசி இழைகளை வெட்டிவிட்டால், தையல் ஓடிய தடத்திலேயே தபால்தலை கிழிவதைப் போலக் கிழியும். துணிக்கான உருண்டை முனை ஊசி போடுங்கள். நேர்த்தையல் வேண்டாம். காற்றில் துணி இழுபடும்போது கூடவே கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்க வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல்தான் தேவை. நூல், வெயில் தாங்கும்படி பதப்படுத்திய பாலியெஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிப்போகும், நைலான் வெயிலில் சீக்கிரம் நொய்ந்துவிடும். தைப்பதற்கு முன் இருபுறமும் ஒட்டும் டேப்பை வைத்து விளிம்புகளைச் சேர்த்துவிட்டால் துணி நழுவாது.

பிரிந்த இரண்டு முழத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மற்றத் தையல்களையும் நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். வெயிலில் துணிக்கு முன்னால் போவது நூல்தான். நகத்துக்கே அறுந்தால் அந்தத் தையல் முழுவதையும் மறுபடி ஓட்டிவிடுங்கள்.

கனமான மூலைகளைக் கையால்தான் தைக்க முடியும். ஊசியைத் தள்ள உள்ளங்கையில் இரும்புக் குமிழ் பதித்த தோல்பட்டை ஒன்று வேண்டும். உங்கள் ஊரைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர் ஒருவர் என் கையை அளந்து ஒன்று செய்து கொடுத்தார். ஒன்பது ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். கடலையே பார்த்திராத அவர், நான் சொன்னதை மட்டும் கேட்டு, கட்டைவிரலின் அடியில் ஒரு மடிப்பு கூடுதலாக வைத்தார். அந்த மடிப்பின் அருமையை ஒவ்வொரு தையலிலும் உணர்கிறேன்.

கேள்வி: சத்துவாச்சாரியில் மாடியில் வைத்துச் சுக்கானைச் சரிசெய்கிறேன். கலந்த எபாக்சிப் பிசின் கிண்ணத்திலேயே புகைந்து கல்லாகிவிடுகிறது. பொருள் கெட்டதா?

பொருள் நல்லதுதான். கலந்ததும் எபாக்சி தானே சூடாகும். ஆழமான கிண்ணத்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அதோடு நம் வேலூர் மே மாத வெயிலும் சேர்ந்துகொள்கிறது. விடிவதற்கு முன் வேலையைத் தொடங்குங்கள். மெதுவாக இறுகும் கடினமாக்கியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முறைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். இறுகுவதைத் தள்ளிப்போட வேண்டும் என்று கடினமாக்கியின் அளவைக் குறைத்துவிடாதீர்கள். அப்படிக் குறைத்தால் அது என்றைக்கும் முழுதாக இறுகாது.

நம் வெயிலால் நன்மையும் உண்டு. ஊறிய சுக்கானை அடியில் துளையிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். சென்னையின் புழுக்கத்தைவிட நம் ஊரின் வறண்ட கோடையில் நன்றாகக் காயும். என் சுக்கானை அதற்காகவே காட்பாடிக்குக் கொண்டுவந்தேன்.

கேள்வி: ஆரணியில் இருக்கிறேன். பாய்ப்படகைக் காவேரிப்பாக்கம் ஏரியில் வைத்துக்கொள்ள முடியுமா?

ஏராக்கட்டை, அதாவது அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் கட்டை, உள்ள படகுக்கு எப்போதும் மூன்று நான்கு அடி ஆழம் வேண்டும். கோடையில் ஏரி இறங்கிவிடும், படகு சேற்றில் சாயும். அது பாசன ஏரி என்பதால் அனுமதியும் பெற வேண்டியிருக்கும். பாய் விடக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால், 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே விசாரியுங்கள்.

கேள்வி: வாலாஜாபேட்டை. நண்பர்கள் மூவர் 23 அடிப் படகில் சென்னையிலிருந்து புதுச்சேரி போக நினைக்கிறோம். எப்போது, எத்தனை நேரம்?

ஏறக்குறைய 75 கடல் மைல். உங்கள் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் அளக்கும் நீளம், 18 அடி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 18-இன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 5.7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வருகிறது. அதுதான் அந்தப் படகுடலின் உச்ச வேகம். பயணக் கணக்குக்கு நான்கு நாட் என்றே வையுங்கள். 19 மணி நேரம். ஆகவே ஓர் இரவைக் கடலில் கழித்துத்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், அந்த எண்ணமே வேண்டாம். தை பிறந்ததும் போங்கள். வாடைக்காற்று முதுகுப்பக்கமாக நின்று தள்ளும். மார்ச்சில் திரும்புங்கள். அப்போது கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும், தெற்கிலிருந்து வரும் காற்றும் துணை நிற்கும். நம் மீனவர்கள் காலங்காலமாகக் காற்றின் பெயர்களை வைத்துத்தான் தங்கள் ஆண்டைப் பிரித்தார்கள். புறப்படும் முன் சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர் வானத்தைப் பார்த்து வேண்டாம் என்றால் வீடு திரும்புங்கள்.

சென்னையிலிருந்து மதியம் கிளம்பினால் புதுச்சேரியைக் காலை வெளிச்சத்தில் அடையலாம். அங்கே ஆற்று முகத்துவாரம் மணல் சேர்ந்து மேடாகும் இடம்; இருட்டில் நுழையாதீர்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் ஒதுங்கவே கூடாது, நன்றாக வெளியே விலகிப் போங்கள். இரவில் விளக்கில்லாத வலைகளும் படகுகளும் இருக்கும். ஒருவர் தூங்க இருவர் விழித்திருங்கள். பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் முதன்முறை வரும்போதே சுருக்கிவிடுங்கள். நங்கூரத்துக்குக் கயிறென்றால் ஆழத்தைப் போல் ஏழு மடங்கு விடுங்கள், முழுச் சங்கிலியென்றால் ஐந்து மடங்கு. துறைமுக அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தாய். என் மகன் பழைய படகு வாங்கித் தனியாகக் கடலுக்குப் போகிறான். இரவெல்லாம் தூக்கமில்லை. பழைய சிறு படகை நம்பலாமா?

அம்மா, இந்திய ராணுவப் பொறியாளர்கள் 1985 முதல் 1987 வரை உலகைச் சுற்றி வந்த ‘திருஷ்ணா’ 37 அடிப் படகுதான், அதுவும் பழையதாக வாங்கியது. நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2023-இல் இரண்டாமிடம் பெற்ற, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 1988-க்கு முன் வடிவமைத்த படகுகளுக்கு மட்டுமே இடம். பழமை குறையல்ல, பார்க்காமல் விட்டதுதான் குறை. உங்கள் மகன் வால்வையும் கம்பியையும் பார்க்கிறவரா என்று கேளுங்கள்.

உங்கள் பயத்தை அடக்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். என் மனைவியும் அதே பயத்தோடுதான் இருந்தார். அவர் கேட்டு வாங்கிய ஒரு பழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. கிளம்புமுன் நான் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுவேன்: படகின் நிறம், புறப்படும் நேரம், போகும் வழி, திரும்பும் நேரம், அதற்குமேல் எத்தனை மணி நேரம் பொறுக்கலாம், அதன்பின் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படை எண் 1554. தனியாகப் போகும்போது உயிர்காப்பு அங்கியைக் கழற்றுவதில்லை, இடுப்புப் பட்டையைப் படகோடு பிணைத்துக்கொண்டுதான் படகின் முன்பகுதியான அணியத்துக்குப் போவேன் என்று கீழே கையெழுத்தும் போடுவேன். உங்கள் மகனிடமும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எழுதித் தந்துவிட்டுப் போகட்டும்.