காரின் தலையில் கூடாரம்: கடன் வாங்கலாமா?

கேள்வி: உச்சிப்புளியில் இருக்கிறேன். சம்பளம் 38,000 ரூபாய், மாதம் 6,000 மிஞ்சும். மனைவி, ஒரு மகள். கார் கூரையில் மடித்து வைத்து, நிறுத்திய இடத்தில் விரித்துப் படுக்கிற மாதிரி ஒரு கூடாரப் பெட்டியை ஆசாரி நண்பரோடு சேர்ந்து செய்யப் போகிறேன். பிளைவுட், இரும்புச் சட்டம், தார்ப்பாய், மெத்தை எல்லாம் சேர்த்து 1,50,000 ரூபாய். 14 சதவீத வட்டியில் 3 வருடக் கடன் கிடைக்கிறது. நாங்கள் போகாத நாளில் அரியமான் கடற்கரைக்கு வருகிறவர்களுக்குக் காரோடு வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடலாமா சார்?

பதில்: வாடகையை மறந்துவிடுங்கள். வெள்ளை நம்பர் பிளேட் காரை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை, வாடகைக்கு விடக்கூடாது. விட்ட அன்று விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார்.

அந்த வருமானம் இல்லாமல் பார்த்தால், தவணை மாதம் சுமார் 5,130. கையில் நிற்பது 870 ரூபாய். மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அதுவும் போச்சு. 3 வருடத்தில் அசலும் வட்டியும் 1,84,500 ரூபாயைத் தாண்டும்.

சரி, எத்தனை ராத்திரி அதில் படுப்பீர்கள்? ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் புழுக்கம். ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு தங்க விடமாட்டார்கள். தை முதல் பங்குனி வரை சனிக்கிழமைகள்தான் மிச்சம்; 12 ராத்திரி என்று வையுங்கள். 5 வருடத்துக்கு 60. ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய்க்கு மேல் விழுகிறது. அந்தப் பணத்துக்கு ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் கால் நீட்டிப் படுக்கலாம்.

இதற்காக ஆசையை விடச் சொல்லவில்லை. மகள் கடற்கரையில் கண்விழிப்பதற்கு விலை போட நான் யார்? கடன் வேண்டாம், இரும்பும் வேண்டாம், அவ்வளவுதான். உங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் எத்தனை நாள் தாங்கும்? எடையும் இடிக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட், 8க்கு 4 அடிப் பலகை ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். ஓடும்போது கூரை தாங்கும் எடை பல சிறிய கார்களுக்கு 50, 75 கிலோ என்றுதான் கையேட்டில் போட்டிருக்கும். அலுமினியக் குழாயில் சட்டம் போடுங்கள். விரித்த பக்கத்தின் பாரம் தரையில் ஊன்றிய கால்களில் இறங்கட்டும். எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் உப்பு அங்கேதான் முதலில் அரிக்கும். மண்டபம் பக்கம் பைபர் படகு செய்கிறவர்களிடம் ஒரு தடவை பேசுங்கள், ஆசாரிக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

காரில் துளை, வெல்டிங் எதுவும் கூடாது. கூரைக் கேரியரில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். வேலை தொடங்கும் முன் அவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

தவணைக்கு ஒதுக்க நினைத்த 5,000 ரூபாயை இந்த மாதமே அஞ்சலக ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பில்) போடத் தொடங்குங்கள். அதை 5 வருடமும் தொடாதீர்கள், அது மகளுக்கு. மிச்சம் 1,000 ரூபாயும் போனஸும் கூடாரத்துக்கு. மெதுவாகத்தான் வளரும்; முதல் வருடம் கேரியரும் தார்ப்பாயும் போதும், காருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுங்கள். ஆசாரியிடம் இரும்புக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள்.