எந்த ஊர் கோர்ட்டில் வழக்குப் போடுவது? வழக்கறிஞரிடம் கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து: சூரத் வியாபாரிக்குக் கடனுக்குத் துணி அனுப்பினேன். பணம் வரவில்லை. சூரத்தில்தான் வழக்குப் போட வேண்டுமா?

அவசியமில்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இரண்டு வழி தருகிறது. பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில் போடலாம். வழக்குமூலத்தில், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வுகளில், ஒரு பகுதியாவது எழுந்த ஊரிலும் போடலாம். ஆர்டரைத் திருப்பூரில் ஏற்றீர்களா, பணம் இங்கே வந்து சேர வேண்டும் என்று பேச்சா? அதையெல்லாம் தேதியோடு வழக்குரையில் (நீங்கள் தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) எழுதுங்கள். வாதி திருப்பூர்க்காரர் என்பது மட்டும் போதாது.

அவரே மீண்டும்: நான் கையெழுத்துப் போட்ட பர்ச்சேஸ் ஆர்டரில் ‘தகராறுகள் சூரத் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை’ என்று இருக்கிறதே?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்; பதிலே மாறுகிறது. சேலம் ஏ.பி. ஏஜென்சீஸ் வழக்கில் ஒப்பந்தம் குஜராத்தின் கைராவைக் குறிப்பிட்டிருந்தது. ‘மட்டும்’ போன்ற சொல் இல்லாததால் சேலத்திலும் வழக்கு நடத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். அது 1989. பலர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறிப்பிட்டதே மற்ற ஊர்களை விலக்கும் நோக்கத்தைக் காட்டலாம் என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. பிரதிவாதி சூரத்திலேயே இருப்பதால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சூரத்துக்குத் தயாராகுங்கள். சம்பந்தமே இல்லாத ஓர் ஊரை எழுதியிருந்தால் அது செல்லாது. இல்லாத அதிகாரத்தைக் கையெழுத்தால் உண்டாக்க முடியாது. சிறு வியாபாரிகளை மன்றாடிக் கேட்கிறேன்: விலையைப் பார்ப்பதுபோல் அந்தக் கடைசி வரியையும் பாருங்கள்.

கோவையிலிருந்து: நிலம் ஓசூரில். ஒப்பந்தம், முன்பணம் எல்லாம் கோவையில். கிரயமும் சுவாதீனமும் கேட்டுக் கோவையில் போடலாமா?

கூடாது. நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 16. குர்கான் மனைக்காக டெல்லியில் போட்ட வழக்கில், எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனைந்து பல ஆண்டுகள் கழித்து, பிரதிவாதியான டிஎல்எஃப் என்ற கட்டுமான நிறுவனம் ஆட்சேபம் எழுப்பியது. ஒப்பந்தத்தில் டெல்லி என்று எழுதியிருந்தும், வழக்குரையைத் திருப்பித் தர வேண்டியதுதான் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதுரையிலிருந்து: பணவழக்கைத் தவறான ஊரில் போட்டிருக்கிறார்கள். நான் பிரதிவாதி. அப்பீலில் சொல்லிக்கொள்ளலாமா?

இது நில வழக்கைப் போல அல்ல; தள்ளிப்போடாதீர்கள். முதல் நீதிமன்றத்திலேயே, எழுவினாக்கள் வனையும் முன் எதிர்வழக்குரையில் (உங்கள் பதில் மனுவில்) எழுப்புங்கள். பிரிவு 21-இன்படி, பிறகு மேல்முறையீட்டில் அதைக் கேட்கமாட்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து: வழக்குரையைத் திருப்பித் தந்துவிட்டால் காலக்கெடு போய்விடுமா?

நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் நடத்தியிருந்தால், அங்கே கழிந்த காலத்தைக் காலவரையறைச் சட்டப் பிரிவு 14 கழித்துக்கொள்ளும். திரும்பக் கிடைத்ததும் தாமதிக்காமல் சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள்.

நெல்லையிலிருந்து: ஆன்லைனில் வாங்கிய பிரிட்ஜ் பழுது. கம்பெனி பெங்களூரில்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பில்லை எடுத்துக்கொண்டு போங்கள்.