மருத்துவர் பதில்: செல் துண்டு நகராது அம்மா, தண்ணீரை நிறுத்தாதீர்கள்

ஒக்டோபரில் மகளோடு அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்துக்கு ஜீப்பில் சுற்றுலா போவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதுகில் இருக்கிற எறிகணைச் செல் துண்டு ஜீப் குலுக்கலில் நகராது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேள், பாம்பு, சுரங்கத் தூசி, பிறஷர், சீனி, மருமகன் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்ன பங்கசுக் காய்ச்சல் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் கையெழுத்துக்குக் கீழேதான் "முதுகில் ஒரு பீஸ் கிடக்குது, அதுக்கு ஒன்றும் ஆகாதோ" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அந்த ஒரு வரியைக் கேட்பதற்காக எழுதியது என்று எனக்குப் படுகிறது.

2009 ஏப்ரலில், இறுதிப் போரின்போது முல்லைத்தீவு மாத்தளனில் பட்ட காயம். அப்போது எடுக்க வழியில்லை, பிறகு வவுனியாவில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் எடுப்பதுதான் ஆபத்து, விட்டுவிடுவோம் என்று சொன்னார் என்கிறீர்கள். அவர் சொன்னது சரி. உடம்புக்குள் ஓர் இரும்புத் துண்டு தங்கிவிட்டால் உடம்பு அதைச் சும்மா விடாது, சுற்றிவர நார் போன்ற தழும்பைக் கட்டி உறை போட்டு மூடிவிடும், சில மாதங்களில் அது அந்த உறைக்குள் இறுகிப்போய்விடும். நகர்ந்த துண்டுகள் இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் அவை பெரும்பாலும் இரத்தக் குழாய்க்குள்ளோ மூட்டு இடைவெளிக்குள்ளோ முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள்ளோ விழுந்தவை. நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே அறிக்கையில் தசைக்குள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பும்போது பரந்தன் – முல்லைத்தீவு வீதி கிடந்த கிடையில், டிராக்டர் பெட்டிக்குள் தகரத்தையும் சட்டிபானையையும் பிடித்துக்கொண்டு போனீர்களே, அந்தக் குலுக்கலுக்கு நகராத துண்டு அமெரிக்காவில் இருக்கை, பெல்ட் எல்லாம் உள்ள ஜீப்பிலா நகரப்போகிறது? வன்னியில் இப்படித் துண்டோடு நடமாடுகிற எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வயல் விதைக்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே ஏதாவது காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் உடம்பில் இரும்பு இருக்கிறது என்று முதலே சொல்லவேண்டும், அந்த இயந்திரம் பெரிய காந்தம். குலுக்கல் செய்யாததை அது செய்யக்கூடும்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே திடுக்கிடவைத்த இடத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு பிரச்சினையாகவே எழுதவில்லை. "வழியில் கழிப்பறை இல்லையாம் டொக்டர், அதனால் அன்று காலையிலிருந்து தண்ணி குடிக்காமல் இருந்துவிடுவன், நோ வராமல் இருக்க வெளிக்கிட முதலே ரெண்டு டைக்குளோபினாக் போட்டுக்கொள்ளச் சொல்லி பக்கத்து வீட்டில் சொன்னவை."

வேண்டாம் அம்மா. இரண்டும் வேண்டாம்.

தண்ணீர் குடிக்காமல் பயணம் போவது நம் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போனது. கொழும்பு பஸ்ஸில் ஏறுவதென்றால் முதல் நாள் இரவே நிறுத்திவிடுவார்கள், இரவு பஸ்ஸில் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், பிறகு சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல் என்று என்னிடம் வருவார்கள். கொழும்புப் பயணத்தில் அது ஒரு கிழமை அன்டிபயோட்டிக்கோடு முடிந்துவிடுகிறது. பாலைவனத்தில் அப்படி முடியாது. ஒக்டோபரில் மரணப் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் பகல் வெப்பம் சராசரியாக 34 பாகை, அது நமக்கு ஒன்றும் புதிதல்ல, ஆவணியில் வவுனியாவில் நிற்கிற வெயில்தான். மருமகன் சொன்ன 56.7 பாகை 1913 ஜூலையில் பதிவானது, அதை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் வெயிலில் இல்லை, காற்றில் இருக்கிறது. முல்லைத்தீவில் வியர்த்தால் தெரியும், சட்டை முதுகில் ஒட்டும், நெற்றியால் வழியும், ஒரு செம்பு தண்ணி தா என்று தானாகக் கேட்பீர்கள். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை தோலுக்கு வந்த கையோடு காய்ந்துவிடும், நான் வியர்க்கவேயில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். அறுபது தாண்டினால் தாகமும் பிந்தித்தான் எடுக்கும். அதனால் தாகம் வரட்டும், குடிக்கலாம் என்று காத்திருக்கிற வேலை உங்களுக்குச் சரிவராது.

அதோடு நீங்கள் பிறஷருக்கு எடுக்கிற குளிசைகளைப் பாருங்கள், லொசாட்டனும், சிறுநீரைக் கூடப் போகவைக்கிற எச்.சி.ரி.யும் (ஹைட்ரோகுளோரோதயசைட்). சிறுநீரகத்தை ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.சி.ரி. குளத்துத் தண்ணீரைக் குறைக்கிறது, லொசாட்டன் வாய்க்காலின் வெளிவழியைத் திறந்துவிடுகிறது. இதுவரை பரவாயில்லை, குளம் நிரம்பியிருந்தால் வாய்க்கால் ஓடும், உங்கள் பிறஷரும் கட்டுப்பாட்டில் நிற்கும். நீங்கள் தண்ணீரை நிறுத்திவிட்டு, அதற்கு மேல் டைக்குளோபினாக்கும் போட்டால் அது உள்ளே வருகிற துருசை (மதகை) இறுக்கிவிடும். குளத்தில் தண்ணீர் இல்லை, துருசு பூட்டு, வெளிவழி திறப்பு. வாய்க்கால் காய்ந்துபோகும். நல்ல சிறுநீரகம்கூட இப்படி ஓரிரு நாளில் அடிபட்டுப்போகலாம், நீங்களோ 14 வருடமாகச் சீனி வருத்தத்தோடு இருப்பவர். வட மத்திய மாகாணத்திலும் நம் வவுனியாப் பக்கமும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தின்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். வெயிலில் தண்ணீரில்லாமல் வேலை செய்வதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். பாமசியில் போய் நோவுக்கு ஒரு அட்டை தாங்கோ என்று வாங்கிப் போடுகிற பழக்கத்தைப் பற்றி இதே பகுதியில் எத்தனை தரம் எழுதிவிட்டேன், இன்னமும் பக்கத்து வீடுதான் மருந்து சொல்கிறது. நோ வந்தால் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், அது போதும். எச்.சி.ரி.யை அன்றைக்கு மட்டும் விடலாமா என்பதை அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். அப்படியே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினின் பார்க்க இரத்தமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எவ்வளவு குடிப்பது? அந்தப் பூங்காவை நிர்வகிக்கிறவர்களே ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லீற்றர் என்று சொல்கிறார்கள். இருதயம் பலவீனம், தண்ணீரை அளந்து குடி என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்காவிட்டால் அதையே கணக்காக வையுங்கள், ஒரேயடியாக இல்லாமல் அரை மணிக்கு ஒரு தரம் சில மிடறு. ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) பக்கெற் இரண்டு கொண்டுபோங்கள், வயிற்றோட்டம் சத்தி என்று வந்தால் ஒன்றை ஒரு லீற்றரில் கரைத்துக் குடிக்கலாம், சும்மா நாள் முழுக்கக் குடிக்க அல்ல. கழிப்பறைக்கு இப்படிச் செய்யுங்கள்: சுருக்கில்லாத அகலப் பாவாடை, ஒரு பெரிய சால்வை, ஜீப்புக்குப் பின்னால் மகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வழிகாட்டியிடம் நிறுத்தச் சொல்லுங்கள், வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது தினமும் நடக்கிற விஷயம். அதுவும் கூச்சமென்றால் பெரியவர்கள் கட்டுகிற பாம்பர்ஸ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நீங்களாகக் கவனிக்கவேண்டிய முதல் அறிகுறி சிறுநீர். அது பிளேன்டீச் சாயம் மாதிரி வந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள், நிழலுக்குப் போய்க் குடியுங்கள். ஆறு மணித்தியாலமாகப் போகவேண்டும் என்ற எண்ணமே வரவில்லையென்றால் சுற்றுலாவை அந்த இடத்திலேயே நிறுத்தி ஏசி போட்ட வாகனத்தில் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விடிய எழும்பிப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. இன்னொரு விதமும் உண்டு: அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது ஆனால் போக வரவில்லை, உட்காருகிற பிட்டப் பக்கம் மரத்துப்போகிறது, கால் தடுமாறுகிறது. அது முதுகு நரம்பு நெரிபடுவது. இந்த வயதில் எலும்பு மெலிந்திருந்தால் பெரிய குலுக்கலில் முள்ளந்தண்டு எலும்பு நசியலாம், அதனால் வரக்கூடியது, செல் துண்டால் அல்ல. அப்படி வருவது மிக அரிது, ஆனால் வந்தால் மணித்தியாலக் கணக்குத்தான், உடனே போகவேண்டும். அதற்காகத்தான் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன், பின் சில்லுக்கு மேல் இருப்பவருக்குத்தான் தூக்கிப்போடும். மகளிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: அம்மா சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினால், ஆளை மாறிக் கூப்பிட்டால், வெயில் மூளைக்கு ஏறிவிட்டது, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு அழைக்கவேண்டும். அது உங்களுக்கே தெரியவராது. பல இடங்களில் போனுக்கு சிக்னல் இருக்காது, வழிகாட்டியிடம் சற்றலைற் போன் இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள லாஸ் வேகஸ் அங்கிருந்து ஏறக்குறைய 190 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போய்த் திரும்புவதை விடத் தூரம்.

மற்றவை. புடையன் பாம்பு கிடக்கிற வயலில் அருவி வெட்டிய கால் உங்களுடையது, அங்கேயும் அதே புத்திதான், கல்லிடுக்கில் கை வைக்காதீர்கள், பார்க்காமல் கால் வைக்காதீர்கள். பழைய சுரங்கத் தூசியில் பாதரசமாம், ஒரு மணித்தியாலம் நின்று பார்ப்பதால் உங்களுக்கு ஒன்றும் செய்யாது, சாப்பிட முதல் கையைக் கழுவுங்கள். சுரங்க வாய்க்குள் மட்டும் யார் கூப்பிட்டாலும் போகவேண்டாம், காற்றும் சரியில்லை, மண்ணும் சரியில்லை. எலிப் புழுக்கை கிடக்கிற மூடிய அறைகளுக்குள்ளும் போகவேண்டாம். பாலைவனத் தூசியில் இருக்கிற பங்கசால் (பூஞ்சையால்) வருகிற அந்தக் காய்ச்சல் உண்மைதான், ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தடிமன் மாதிரி வந்து போய்விடும், திரும்பி வந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்தால் பாலைவனத்துக்குப் போனேன் என்று வைத்தியருக்குச் சொல்லுங்கள், உங்களுக்குச் சீனி இருப்பதால் சொல்கிறேன். மருமகன் தேடுவதை நிறுத்தினால் எல்லோருக்கும் நிம்மதி.

அப்புறம், சுற்றுலாவில் காட்டப்போகிற அந்தப் பேய் நகரம், அதாவது சனங்கள் விட்டுப்போன பழைய சுரங்க ஊர். மருமகன் அனுப்பிய படத்தில் கூரையில்லாத மூன்று மாடிச் சுவரைப் பார்த்துவிட்டு இரண்டு இரவு நித்திரையில்லை, நெஞ்சு படபடத்தது, இது இருதய வருத்தமா என்று கேட்கிறீர்கள். நடக்கும்போதும் தண்ணி அள்ளும்போதும் வராமல், அந்தப் படத்தைப் பார்க்கும்போது மட்டும் வருகிற படபடப்பு இருதய வருத்தமாக இருப்பது குறைவு, ஆனாலும் கிளினிக்கில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், மனதும் ஆறும். அந்த ஊருக்குப் பெயர் ரயோலைற். 1904இல் பக்கத்தில் தங்கம் கண்டுபிடித்தார்கள், 1905இல் ஊர் எழும்பியது, வங்கி, ரயில் நிலையம், பியர்ப் போத்தல்களால் கட்டிய வீடுகூட இருந்தது, 1911இல் பெரிய சுரங்கம் மூடப்பட்டது, 1916இல் மின்சாரத்தையும் வெட்டிவிட்டார்கள். சனங்கள் வேறு இடத்தில் வேலை தேடி, சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சுவர்களில் செல் விழவில்லை. இது தெரிந்தாலும் கண்ணுக்குக் கூரையில்லாத சுவர் கூரையில்லாத சுவர்தான், 2010இல் கிளிநொச்சிக்குள் நுழைந்தபோது பார்த்ததுதான் நினைவுக்கு வரும், அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ரொறொன்ரோவில் வளர்ந்த மருமகனுக்கு அது தெரியாது, மகள் உங்களோடு பங்கருக்குள் இருந்தவள், அவளுக்குச் சொன்னால் விளங்கும். அங்கே போய் நின்ற பிறகு அல்ல, இப்போதே போன் எடுத்துச் சொல்லுங்கள். இறங்கப் பிடிக்காவிட்டால் வாகனத்திலேயே இருங்கள், மலையைப் பாருங்கள், அதுவும் அழகுதான். நித்திரையின்மை இன்னும் இரண்டு கிழமைக்கு நீடித்தால் மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு ஒரு நடை போங்கள், இதைக் கேட்பதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

விமான நிலையத்தில் அந்தத் துண்டு கருவியைச் சத்தம்போட வைத்தாலும் வைக்கும். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே அறிக்கை, உடம்பில் உலோகம் இருக்கிறது என்று உங்கள் வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதித்தரும் ஒரு கடிதம், மூன்றையும் கைப்பையில் வையுங்கள், சூட்கேசில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.