மருத்துவ பீடம் கிடைக்காவிட்டாலும் இதய நோயை ஆராயலாம், அம்மா

வணக்கம் அம்மா.

மகள் இரண்டாம் முறையும் மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள், மூன்றாம் முறை எழுத வைக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழுந்து பறித்த காசில் ஹட்டனுக்கு டியூஷன் அனுப்பியதையும் எழுதியிருக்கிறீர்கள். டொக்டர் ஆவதுதான் அவள் ஆசை என்றால் எழுதட்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் அவள் கேட்பதாக நீங்கள் எழுதியிருப்பது வேறு: தம்பியின் இதய வால்வு ஏன் பழுதானது? இதற்கு டொக்டர் மட்டும்தான் விடை தேட முடியும் என்று யார் சொன்னது?

தம்பிக்கு வந்தது ருமேட்டிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தொண்டை நோவைக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு, தடம் மாறி வால்வையும் தாக்கிவிடுகிறது. ஆட்கள் நெருக்கியடித்து வாழும் இடத்தில் இந்தக் கிருமி சுலபமாகப் பரவும். தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கிருமிகளை ஏ, பி என்று வகைபிரித்து 1933இல் வெளியிட்ட ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் டொக்டர் இல்லை, நுண்ணுயிரியல் ஆய்வாளர். ருமேட்டிக் காய்ச்சலுக்கு வழிவிடுவது ஏ வகைதான். தம்பிக்கு எடுத்த எக்கோ ஸ்கேன் கதையும் அப்படியே. 1953இல் சுவீடனில் எட்லர் என்ற டொக்டரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் சேர்ந்து, உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலி அலைகளால் பார்க்கும் கருவியை வைத்து இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். கப்பல் கட்டும் இடங்களில் பயன்பட்ட மாதிரிச் சாமான் அது! இன்றைக்கும் நெஞ்சு நோவோடு வருபவரின் இரத்தத்தில், இதயத் தசை பழுதானால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்து, மாரடைப்பா என்று முடிவெடுக்க உதவுவது ஆய்வுகூடம்தான்.

அதனால் என் யோசனை, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். நான்கு வருடப் பட்டம். கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். ஹட்டனில் ரயிலேறினால் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டியதும் பேராதனை. படித்து முடித்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலையும் உண்டு, முதுமாணி, கலாநிதி என்று ஆராய்ச்சிப் பக்கம் போகவும் வழி உண்டு. ஆராய்ச்சியில் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். உண்மையில் எனக்குப் பயம் அது ஒன்றுதான். பெறுபேறு வந்து கெம்பஸ் தொடங்கும் வரை கிடைக்கும் மாதங்களை முழுக்க ஆங்கிலத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நுவரெலியா மாவட்டத்துக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, சென்ற வருட வெட்டுப்புள்ளிகளை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு இடத்தில் பதிந்த பிறகு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பதற்கான நிபந்தனைகளும் அதில்தான் இருக்கின்றன. வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் டிப்ளோமாக்காரர் யாராவது வந்தால், இதைப் படித்தால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

தம்பியின் பென்சிலின் ஊசித் திகதியை வீட்டுக் கலண்டரில் அவளையே குறிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் திரும்பி வந்தால் வால்வு இன்னும் கெடும், ஒரு ஊசியும் தவறக்கூடாது.