'செக்' என்றால் சரிபார்ப்பதா, தடுப்பதா?

கேள்வி: ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 'தி ஸ்ப்ரெட் ஆஃப் தி டிசீஸ் வாஸ் செக்டு' என்ற வரியை 'நோய்ப் பரவல் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'தடுக்கப்பட்டது' என்று போட்டார். அகராதியைப் புரட்டினால் காசோலை, கட்டம், பில் என்று நீண்டுகொண்டே போகிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படிப் பிடிப்பது?

பதில்: ஆசிரியர் திருத்தியது சரிதான். 'செக்' என்றதும் சரிபார்ப்பதுதான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால் தடுப்பது என்ற பொருள் அதற்கு மூத்தது. அதற்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார்: ராஜா.

பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பார்கள். ஆட்டம் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தக் குரலும் கூடவே போனது. பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் தேய்ந்து 'செஸ்' ஆனது. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்', அதாவது ராஜா செயலற்றுப்போனார். 'மாத்' என்பதை அரபியோடு சேர்த்து 'ராஜா செத்தார்' என்று சொல்பவர்களும் உண்டு.

செக் வாங்கியவர் தன் திட்டத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். 'நன்றாகச் செக் வைத்துவிட்டான்' என்று நாமும் சொல்கிறோமே, அதேதான். இப்படித்தான் 'போகிற போக்கை நிறுத்துவது' என்ற பொருள் பிறந்தது. கணக்கில் தப்பு நுழையாமல் தடுக்க வேண்டுமானால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? சரிபார்ப்பது அந்த வழியில் பின்னால் வந்து சேர்ந்தது.

கட்டங்களின் கதை தனிச் சுவை. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வரவுகளைத் தணிக்கை செய்ய, சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலமுள்ள மேசையில் கோடு போட்ட கறுப்புத் துணியை விரிப்பார்கள். பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. வில்லைகளை நகர்த்தி, ஷெரிஃப் (மாவட்டத்தில் அரசனுக்காகப் பணம் வசூலித்த அதிகாரி) கட்ட வேண்டியதையும் கட்டியதையும் எதிரெதிரே வைத்துக் காட்டுவார்கள். பார்வைக்குச் சதுரங்கப் பலகை மாதிரியே இருந்ததால் அதன் பெயரே அந்தத் துறைக்கும் ஒட்டிக்கொண்டது: 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான். கட்டம் போட்ட துணியைச் 'செக்டு' என்பதும் இதே குடும்பம்.

காசோலை 18-ஆம் நூற்றாண்டுக்காரர். மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர். பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அது போய்விட்டது. 'சக்' என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. ஒலி பொருந்துகிறதே தவிர, நான் அடிக்கட்டையின் பக்கம்தான்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். 'செக்' எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். விடைத்தாள், கணக்கு, முகவரி போலப் பார்த்து ஒப்பிடக்கூடிய பொருளானால் சரிபார்ப்பது. தீ, விலைவாசி, கோபம், படையெடுப்பு போல வளர்கிற, பரவுகிற, முன்னேறுகிற ஒன்றானால் பெரும்பாலும் தடுப்பது. 'கீப் இன் செக்' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், கட்டுக்குள் வைப்பதுதான். 'அன்செக்டு' மட்டும் இரண்டு பக்கமும் சாயும்: 'அன்செக்டு பவர்' கட்டுப்பாடற்ற அதிகாரம், 'அன்செக்டு டேட்டா' சரிபார்க்காத தரவு.

விமான நிலையத்தில் 'செக் திஸ் பேக்?' என்று கேட்டால் பையைச் சோதிப்பதாக எழுதிவிடாதீர்கள். விமானத்தின் சரக்கு அறைக்கு ஒப்படைக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அமெரிக்கர் சாப்பிட்டு முடித்து 'செக் ப்ளீஸ்' என்றால் அது பில். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் 'கியூ' எழுத்தோடு வந்தால் காசோலைதான்.